பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க நிதி: விண்ணப்பத்தில் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்? தருமபுரி சொல்லும் பாடம்

இரண்டு விண்ணப்பங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் கற்பனைதான். ஆனால், இதேபோன்றவை ஒவ்வோர் ஆண்டும் நிதி தரும் அமைப்புகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. இரண்டுமே தருமபுரி மாவட்டத்துக்கானவை. இரண்டுமே குடும்ப வன்முறையைக் குறைக்க மூன்று ஆண்டுகளுக்குப் பணம் கேட்கின்றன.

முதல் விண்ணப்பம் பிரமாண்டமானது. மாவட்டம் முழுக்க 200 விழிப்புணர்வு முகாம்கள், 20,000 பெண்களுக்குப் பயிற்சி, பேரணி, துண்டுப் பிரசுரம். மூன்றாம் ஆண்டு முடிவில் காவல் நிலையங்களுக்கு வரும் புகார்கள் 30 சதவீதம் குறையும் என்று உறுதி தருகிறது.

இரண்டாவது விண்ணப்பம் சின்னது. பென்னாகரம் பக்கம் 12 ஊர்கள், அவ்வளவுதான். ஊருக்கு இரண்டு பெண்கள், ஒரு ஆண் என்று உள்ளூர் ஆட்களையே தேர்ந்தெடுத்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்யப் போகிறார்களாம். ‘முதல் ஆண்டில் புகார்கள் கூடும்’ என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

நீங்களாக இருந்தால் யாருக்குப் பணம் கொடுப்பீர்கள்? பெரும்பாலானவர்களின் கை முதல் விண்ணப்பத்தை நோக்கித்தான் போகும். ஆனால், இந்தத் துறையில் அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் முதலாவதை நிறுத்திவைத்துவிட்டு இரண்டாவதைத்தான் அடுத்த கட்டத்துக்கு அழைப்பார். ஏன் என்பதற்கான விடை, தருமபுரியின் கடந்த 30 ஆண்டு அனுபவத்திலேயே இருக்கிறது.

முதலில், இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

முக்கியமாக மூன்று வாசல்கள்.

ஒன்று, அரசு. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு, 2013-14 மத்திய பட்ஜெட்டில் ரூ.1,000 கோடியுடன் நிர்பயா நிதி அறிவிக்கப்பட்டது. மத்திய அமைச்சகங்களும் மாநில அரசுகளும் கொடுக்கும் திட்டங்களை, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறைச் செயலர் தலைமையிலான அதிகாரிகள் குழு பரிசீலிக்கிறது. 181 உதவி எண்ணும், மாவட்டங்களில் இயங்கும் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்களும் இந்த நிதியில் உருவானவைதான்.

இரண்டு, சர்வதேச நிதி. பெண்கள் மீதான வன்முறையை ஒழிப்பதற்கென்றே ஐ.நா. பொதுச் சபை 1996-ல் ஓர் அறக்கட்டளை நிதியைத் தொடங்கியது. இப்போது ஐ.நா. பெண்கள் அமைப்பு அதை நிர்வகிக்கிறது. இதுவரை 140 நாடுகள், பிரதேசங்களில் 600-க்கும் மேற்பட்ட திட்டங்களுக்கு இந்த நிதி சென்றிருக்கிறது.

மூன்று, கம்பெனிகள். 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருவாயோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். பாலினச் சமத்துவமும் அந்தப் பட்டியலில் உண்டு. நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் சிஎஸ்ஆர் குழு இருந்தால், இப்படிப்பட்ட விண்ணப்பம் ஒருநாள் உங்கள் மெயிலுக்கே வரலாம்.

எப்படிப் பரிசீலிக்கிறார்கள்?

நடைமுறை இடத்துக்கு இடம் மாறும், அடிப்படை ஒன்றுதான். முதல் சல்லடை, தகுதி. அமைப்பு முறையாகப் பதிவாகியிருக்கிறதா, கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டிருக்கின்றனவா, இந்த வேலையில் முன் அனுபவம் உண்டா என்று பார்ப்பார்கள். ஐ.நா. அறக்கட்டளை நிதியில் முதலில் ஒரு சுருக்கமான திட்டக் குறிப்பைத்தான் கேட்பார்கள். அதில் தேறியவர்கள் மட்டுமே முழு விண்ணப்பம் தர வேண்டும். வருகிற விண்ணப்பங்களில் மிகச் சிலவற்றுக்குத்தான் பணம் கிடைக்கும்.

அடுத்தது மதிப்பெண். பிரச்சினையைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்களா? சொல்லும் வேலைக்கும் சொல்லும் பலனுக்கும் தொடர்பு இருக்கிறதா? பெண்களின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு? பட்ஜெட் நியாயமானதா? பணம் நின்ற பிறகு என்ன ஆகும்?

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எல்லா விண்ணப்பங்களும் நல்ல நோக்கத்தோடுதான் வருகின்றன. நோக்கத்துக்கு மதிப்பெண் போட்டால் எல்லாருக்கும் நூற்றுக்கு நூறுதான். அதனால்தான் மதிப்பீட்டாளரின் கண் முதலில் ஓர் இடத்துக்குப் போகிறது: எதை எண்ணப் போகிறார்கள்?

தருமபுரியில் எதை எண்ணினார்கள்?

1980-களிலும் 90-களிலும் பெண் சிசுக் கொலைக்காக நாடு முழுவதும் பேசப்பட்ட தமிழகப் பகுதிகளில் தருமபுரியும் ஒன்று. இதைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. 2001-ல் தருமபுரி உள்ளிட்ட வேறு மாவட்டங்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. வளர்க்க விருப்பமில்லாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், அரசிடம் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் திட்டம். பல குழந்தைகளின் உயிரை அது காப்பாற்றியது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால், அதன் வெற்றியை எப்படி அளப்பது? தொட்டிலுக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்தா? அந்த எண்ணிக்கை கூடினால் இரண்டு அர்த்தம் உண்டு. சாவின் விளிம்பிலிருந்து கூடுதல் குழந்தைகள் மீட்கப்பட்டிருக்கலாம். அல்லது, ‘பொண்ணு வேணாம்’ என்ற முடிவை எடுப்பது பெற்றோருக்கு முன்பைவிடச் சுலபமாகியிருக்கலாம். எண் ஒன்றுதான்; அதற்குள் இருக்கும் கதைகள் நேர் எதிரானவை.

அதே தருமபுரியில் 1990-களின் பிற்பகுதியில் இன்னொரு முயற்சி நடந்தது. டென்மார்க் அரசின் டானிடா உதவியுடன் நடந்த தமிழ்நாடு பகுதி சுகாதாரத் திட்டத்தின் ஒரு பகுதி அது. கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய் வீதி நாடகம் போட்டன. ‘கலைப்பயணம்’ என்று பெயர். பெண் பிள்ளை ஏன் சுமையாகப் பார்க்கப்படுகிறாள் என்ற கேள்வி, வீட்டுக்குள்ளிருந்து ஊர் நடுவுக்கு வந்தது.

பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் இந்த முயற்சியின் 1997-99 காலகட்டத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 2000-ல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’ இதழில் வெளியானது. சிசுக் கொலைகள் குறைந்ததாக அந்த ஆய்வு பதிவு செய்தது.

எதை வைத்து அப்படிச் சொன்னார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். எத்தனை நாடகம் போட்டார்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து அல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்களின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை வைத்து. கிராம சுகாதார செவிலியர் எழுதும் அந்தப் பதிவேடுகளில், பிறந்த கொஞ்ச நாளில் இறந்த பெண் குழந்தைகள் சிலரின் பெயருக்கு எதிரே ‘சமூகக் காரணங்கள்’ என்று இருக்கும். அந்த இரண்டு சொற்களின் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும்.

மதிப்பீட்டாளர் ஒருவர் இதில் மூன்று விஷயங்களைக் கவனிப்பார். எண்ணப்பட்டது நிகழ்ச்சிகளை அல்ல, உயிர்களை. திட்டம் தொடங்குவதற்கு முந்தைய கணக்கும் கையில் இருந்தது. அதனால் ஒப்பிட முடிந்தது. நாடகம் போட்டவர்கள் வேறு, பதிவேடு எழுதியவர்கள் வேறு.

அப்படியானால் அது முழு வெற்றியா?

அங்கேதான் இன்னொரு பாடம் இருக்கிறது. பிறந்த பிறகு கொல்வது குறையும் இடத்தில், பிறப்பதற்கு முன்பே அழிப்பது கூடலாம். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடை செய்யும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. ஆனாலும், சட்டவிரோதமாக ஸ்கேன் பார்த்துச் சொல்லும் கும்பல்கள் தருமபுரி மாவட்டத்தில் சமீப ஆண்டுகளில்கூட மீண்டும் மீண்டும் பிடிபட்டிருக்கின்றன.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்ற கணக்கில், 2001-ல் தருமபுரி 900-க்கும் கீழே இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 900-ஐத் தாண்டியது. முன்னேற்றம்தான். ஆனால், அப்போதும் மாநில சராசரியான 943-ஐ எட்டவில்லை.

ஆக, பிறந்த பிறகு நேரும் இறப்புகளை மட்டும் எண்ணியிருந்தால் ‘ஜெயித்துவிட்டோம்’ என்று சொல்லிவிடலாம். பிறக்கும்போதே உள்ள பாலின விகிதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் வன்முறை குறைந்ததா, இடம் மாறியதா என்று தெரியும். ஒரு நல்ல விண்ணப்பம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கும்: ‘நாங்கள் இந்தக் கதவை மூடினால், அது எந்த ஜன்னல் வழியாக வரும்?’

புகார் குறைந்தால் நல்லதுதானே?

இப்போது முதல் விண்ணப்பத்துக்கு வருவோம். புகார் 30 சதவீதம் குறையும் என்கிறது அது.

2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை எப்போதாவது அனுபவித்திருக்கிறார்கள். அகில இந்திய அளவில், உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்த பெண்களில் 14 சதவீதம் பேர் மட்டுமே யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

அந்த 14 சதவீதத்திலும் பெரும்பாலானோர் போவது சொந்தக் குடும்பத்திடம்தான். போலீஸ் வரை போவது மிகச் சிலர். அப்படியிருக்க, காவல் நிலையத்தில் பதிவாகும் புகார் எதைக் காட்டுகிறது? எவ்வளவு வன்முறை நடக்கிறது என்பதை அல்ல. எத்தனை பெண்களால் அந்த வாசல் வரை வர முடிகிறது என்பதைத்தான்.

இன்னும் சொல்லப்போனால், முதல் விண்ணப்பத்தின் இலக்கை எட்ட ஒரு சுலபமான வழி இருக்கிறது. புகார் கொடுக்க வரும் பெண்ணிடம், ‘சமாதானமா போங்கம்மா, புள்ளைங்க இருக்குல்ல’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால் போதும். புகார் குறைந்துவிடும். அறிக்கையில் அது வெற்றி என்று பதிவாகும்.

ஒரு திட்டம் உண்மையாக வேலை செய்தால், முதலில் புகார்கள் கூடத்தான் செய்யும். அதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்த இரண்டாவது அமைப்புக்குக் களம் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, வேறு எதைத்தான் அளப்பது? திட்டத்துக்கு முன்பும் பின்பும் பெண்களிடம் தனிமையில், பெயர் வெளியே தெரியாமல் கேட்கும் ஆய்வு ஒரு வழி. உகாண்டாவின் கம்பாலா நகரில் ‘சாசா’ என்ற திட்டத்தை அப்படித்தான் சோதித்தார்கள். உள்ளூர் ஆட்களே அக்கம்பக்கத்தில் பல ஆண்டுகள் பேசிப் பேசி மனநிலையை மாற்றும் திட்டம் அது. நான்கு பகுதிகளில் திட்டத்தை நடத்தி, நடத்தாத நான்கு பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். 2014-ல் வெளியான முடிவுகளின்படி, துணைவரின் உடல்ரீதியான வன்முறை திட்டம் நடந்த பகுதிகளில் சுமார் 52 சதவீதம் குறைவாக இருந்தது. ஒருநாள் முகாமில் இந்த மாற்றம் வராது.

புகாருக்குப் பிறகு என்ன ஆனது என்பது இன்னோர் அளவுகோல். 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க நீதித்துறை நடுவர் முயல வேண்டும். திட்டம் நடக்கும் ஊர்களில் உண்மையில் எத்தனை நாள் ஆகிறது? அந்த நாட்கள் குறைகின்றனவா? இதை எண்ணலாம்.

உதவி கேட்டவளுக்கு ஆபத்து வருமா?

மதிப்பீட்டில் சமரசமே இல்லாத பகுதி இது. குடும்ப வன்முறை குறித்த ஆய்வுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2001-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் சாரம்: பெண்ணின் பாதுகாப்புதான் முதலில், தகவல் அப்புறம்.

சின்ன ஊரில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ‘வன்முறையால் பாதிக்கப்பட்டோர் ஆய்வு’ என்று அட்டை மாட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போனால், அன்று இரவு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும்? வாட்ஸ்அப் குரூப்பில் அவளைச் சேர்த்தால், போன் யார் கையில் இருக்கிறது? ‘பயனாளிகளின் போட்டோ இணைக்கவும்’ என்று நிதி கொடுப்பவர்களே கேட்பதும் நடக்கிறது. அந்த ஒரு போட்டோ போதும், அவள் மறைத்து வைத்ததை வெளியே கொண்டுவர.

தூரமும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ இருக்கும் பெண்ணிடம் ‘தருமபுரிக்கு வாங்க’ என்று சொல்லும் திட்டத்தில் பஸ் செலவு யார் தருவது, கடைசி பஸ் போய்விட்டால் எங்கே தங்குவது என்பதற்கு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த விண்ணப்பத்தை மேப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அவள் யாரிடம் போவாள்?

அரூர் பக்கம் வாச்சாத்தி என்றொரு மலையடிவாரப் பழங்குடி கிராமம். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் நுழைந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று, அதுவரை உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா ரூ.10 லட்சம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நீதிக்கு 31 ஆண்டுகள் ஆனது.

இந்த வரலாறு உள்ள மாவட்டத்தில், ‘பெண்கள் தைரியமாகக் காவல் நிலையம் செல்ல ஊக்குவிப்போம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. சீருடையைப் பார்த்தாலே பயப்பட நியாயமான காரணம் உள்ள ஊர்களில், அவளோடு யார் கூடப் போவார்கள், இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும், புகார் அரசு ஊழியர் மீதே என்றால் அடுத்த வழி என்ன என்று விண்ணப்பம் சொல்ல வேண்டும்.

பட்ஜெட்டைப் படித்தால் திட்டம் தெரியும்

முதல் விண்ணப்பத்தின் பட்ஜெட்டில் பெரும் பகுதி பந்தல், பேனர், மைக் செட், டிபன். இரண்டாவதில் பெரும் பகுதி ஆட்களின் சம்பளம். பார்த்தவுடன் ‘சம்பளத்துக்கே பாதிக்கு மேல் போகிறதே’ என்று தோன்றும். ஆனால், இந்த வேலையில் ஆள்தான் திட்டம். ராத்திரி 10 மணிக்கு போன் வந்தால் எடுப்பவர் ஒருவர் வேண்டும். அடுத்த ஆண்டும் அவரே இருக்க வேண்டும். நாள் முழுக்க வன்முறைக் கதைகளைக் கேட்பவருக்கும் ஒரு கவுன்சலிங் தேவைப்படும்.

வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ சட்டமும் குறுக்கே வரும். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; முன்பு 50 சதவீதம் வரை அனுமதி இருந்தது. வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்து தரவும் முடியாது. சென்னையில் உள்ள பெரிய அமைப்பு நிதி வாங்கி, பென்னாகரத்தில் உள்ள சிறிய சங்கத்துக்குக் கொடுக்கும் வழி இதனால் அடைபட்டுவிட்டது.

போதாக்குறைக்கு மொழி. ஐ.நா. அறக்கட்டளை நிதிக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய மொழிகளில்தான் விண்ணப்பிக்க முடியும். ஊரை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அந்த ஆங்கிலம் வராது. அந்த ஆங்கிலம் வருபவர்கள் பலருக்கு ஊர் தெரியாது. நல்ல மதிப்பீட்டாளர் மொழி அழகைத் தள்ளிவைத்துவிட்டு, உள்ளே களம் தெரிகிறதா என்று தேடுவார்.

முடிவு என்ன?

இரண்டாவது விண்ணப்பத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து போட மாட்டார்கள். 12 ஊர்களில் ஆண்களிடம் எப்படிப் பேசப் போகிறீர்கள்? வேலைக்காக பெங்களூரு, திருப்பூர் என்று போய்வரும் குடும்பங்களை எப்படித் தொடர்வீர்கள்? மூன்று ஆண்டு கழித்து யார் பொறுப்பு? இதற்கெல்லாம் பதில் வந்த பிறகுதான் பணம். முதல் அமைப்பையும் ஒரேயடியாக நிராகரிக்கத் தேவையில்லை. ‘புகார் குறையும்’ என்ற இலக்கை எடுத்துவிட்டு, முகாமுக்குப் பிறகு ஊரில் யார் இருப்பார் என்று எழுதி வரச் சொல்லலாம்.

உங்கள் அலுவலக சிஎஸ்ஆர் குழுவிலோ, தனிப்பட்ட முறையில் நன்கொடை தரும்போதோ கேட்க வேண்டியவை ஐந்தே கேள்விகள்:

1. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத் தவிர, வேறு என்ன மாறும்? அதற்கு முந்தைய கணக்கு இருக்கிறதா?
2. அந்தக் கணக்கை எடுக்கப்போவது யார், நீங்களேவா?
3. இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு ஆபத்து வந்தால் அன்று இரவு என்ன செய்வீர்கள்?
4. ஒரு வகை வன்முறை குறைந்தால் அது வேறு வடிவில் வருகிறதா என்று பார்ப்பீர்களா?
5. பணம் நின்ற மறுநாள் அந்த ஊரில் யார் இருப்பார்கள்?

கடைசியாக ஒன்று, நிதி கொடுப்பவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது: முதல் ஆண்டு அறிக்கையில் புகார் எண்ணிக்கை கூடியிருந்தால் பயப்படாமல் இரண்டாம் ஆண்டுத் தவணையை விடுவிப்பீர்களா? அதற்குத் தயாராக இல்லாதவர்களிடம், புகாரைக் குறைத்துக் காட்டும் அமைப்புகள்தான் பணம் வாங்கிக்கொண்டு போகும்.

*உதவி தேவைப்படும் பெண்கள் 181 என்ற எண்ணிலும், அவசரத்துக்கு 112 என்ற எண்ணிலும் அழைக்கலாம். குழந்தைத் திருமணம் உள்பட குழந்தைகள் தொடர்பான புகார்களுக்கு 1098.*